டெசிபெல்: மூன்றா, ஆறா?



கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் இல்லாமல் ஒரு கணக்குப் பாடத்தை நடத்திக் காட்டுமாறு நிலையத்தார் என்னைப் பணித்திருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்று பழகியவனுக்கு இது கைகளைக் கட்டிவிட்டு நீந்தச் சொல்வது போன்றதே. எனினும் முயன்று பார்க்கிறேன். நான் எடுத்துக்கொண்ட பொருள் டெசிபெல். திருவிழாவில் ஒலிபெருக்கி அலறும்போது இத்தனை டெசிபெல் சத்தம் என்று செய்தித்தாள்கள் எழுதுவதை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்தச் சத்தக் கணக்கு இன்றைய பேச்சில் இடம்பெறாது. அதே அளவையை ஹாம் என்று அழைக்கப்படும் அமெச்சூர் வானொலியாளர்கள் எவ்வாறு கையாளுகிறார்கள் என்பதையே சொல்லப்போகிறேன்.

அரசாங்கத்தாரிடம் தேர்வெழுதி உரிமம் பெற்று, தம் வீட்டிலேயே சிறு டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, ஊதியமோ இலாபமோ கருதாமல் பிற ஊரினரோடும் பிற நாட்டினரோடும் பேசி மகிழ்பவர்கள் இந்த ஹாம்கள். அடியேனும் அவர்களுள் ஒருவன். இவர்கள் இருவர் கூடிவிட்டால் டெசிபெல் என்ற சொல் வாயில் வராமல் இராது. ஏரியலுக்கு இத்தனை டெசிபெல் ஆதாயம், கேபிளில் இத்தனை டெசிபெல் நஷ்டம் என்று வட்டிக்கடைக்காரர்களைப்போல் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆனால் இதில் ஒரு முடிச்சு உண்டு. திறன், அதாவது வாட், இரட்டித்தால் 3 டெசிபெல் உயர்வு என்பார்கள். மின்னழுத்தம், அதாவது வோல்ட், இரட்டித்தால் 6 டெசிபெல் உயர்வு என்பார்கள். இரட்டிப்பு இரட்டிப்புத்தானே, ஓரிடத்தில் மூன்றும் மற்றோரிடத்தில் ஆறும் எங்ஙனம் ஆகும் என்று புதியவர்கள் திகைப்பார்கள். நானும் ஒரு காலத்தில் திகைத்தவனே. திகைத்ததோடு நில்லாமல், அந்த அறியாமையால் ஒரு மாணவனுக்குத் தீங்கும் இழைத்தேன். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் இப்படியோர் அளவை ஏன் வேண்டியதாயிற்று என்று பார்ப்போம். ஒரு ஹாமின் டிரான்ஸ்மிட்டர் 100 வாட் திறனை ஏரியலுக்கு அனுப்புகிறது என்று கொள்ளுங்கள். பல நூறு மைல்களுக்கு அப்பால் மற்றொருவருடைய ரிசீவரில் அது வலுவான சைகையாகக் கேட்கிறது. வலுவான சைகை என்றால் எவ்வளவு? ரிசீவரின் முகப்பில் சைகையின் வலிமையைக் காட்டும் ஊசி ஒன்று உண்டு. அதில் எஸ் 9 என்ற கோட்டை ஊசி தொட்டால் நல்ல வலிமை என்று பொருள். குற்றலை வரிசைகளில் அந்தக் கோட்டுக்குரிய மின்னழுத்தம், 50 ஓம் தடையுள்ள நுழைவாயிலில், 50 மைக்ரோவோல்ட். அதைத் திறனாக மாற்றினால் 50 பிக்கோவாட் ஆகும். ஒரு வாட்டை 2000 கோடிப் பங்காகப் பிரித்து, அதில் ஒரு பங்கை எடுத்தால் அதுவே 50 பிக்கோவாட். அனுப்பியது 100 வாட். வந்து சேர்ந்தது இவ்வளவே. இரண்டுக்கும் உள்ள விகிதம் 2 லட்சம் கோடி. வழியில் என்னென்ன நேர்ந்தன என்று கணக்கெழுத வேண்டுமானால், சுழிகளை எண்ணி எழுதுவதிலேயே ஆயுள் கழிந்துவிடும். டெசிபெல்லில் சொன்னால் இந்த வேறுபாடு 123. அவ்வளவுதான்.

இந்த உபாயத்தைக் கண்டவர்கள் தொலைபேசிப் பொறியாளர்கள். நீண்ட கம்பிகளின் வழியே பேச்சை அனுப்பியபோது, கம்பி நீள நீளக் குரல் தேய்ந்துகொண்டே போவதை அவர்கள் கண்டார்கள். தேய்மானத்தை அளக்க, குறிப்பிட்ட வகைத் தொலைபேசிக் கம்பியின் ஒரு மைல் நீளத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். இதன் நுட்பத்தைத் தெரிந்துகொள்ள ஒரு வாய்க்காலை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மைல் கடக்கும்போதும், அந்த மைலின் தொடக்கத்தில் இருந்த தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு மண்ணில் ஊறிப்போகிறது. தலைமடையில் 100 குடம் விட்டால், முதல் மைலின் முடிவில் 80 குடம். இரண்டாம் மைலின் முடிவில் 64. மூன்றாம் மைலின் முடிவில் 51, அதாவது ஏறத்தாழப் பாதி. பத்து மைல் போய்ச் சேர்ந்தால் எஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். ஒவ்வொரு மைலுக்கும் 0.8 ஆல் பெருக்கவேண்டும் என்பது உண்மை. ஆனால் மைல்களை எண்ணுகிறவனுக்குப் பெருக்கல் வேண்டியதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போனால் போதும். டெசிபெல்லும் இந்த வாய்க்காலின் மைல்கல் போன்றதே. 1 டெசிபெல் நஷ்டம் என்றால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போயிற்று என்று பொருள். 3 டெசிபெல் நஷ்டம் என்றால் பாதி. 10 டெசிபெல் நஷ்டம் என்றால் பத்தில் ஒன்றே எஞ்சும்.

அமெரிக்காவில் பெல் தொலைபேசி நிறுவனத்தார் 1924 ஆம் ஆண்டு வாக்கில் மைல் கணக்கை விட்டுவிட்டுக் கம்பியைச் சாராத ஓர் அலகை ஏற்படுத்தினார்கள். அதற்கு 1928 ஆம் ஆண்டில், தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்பாரின் நினைவாக, டெசிபெல் என்று பெயர் வழங்கலாயிற்று. பெல் என்பது பத்து மடங்கைக் குறிக்கும் பேரலகு. அதில் பத்தில் ஒன்று டெசிபெல். பெயர் அவருடையதேயாயினும், 1922 ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்துவிட்டார்.

என்னைப் போன்ற பழைய கணக்கு வாத்தியார்களுக்கு இதில் அந்நியமான சங்கதி ஒன்றுமில்லை. பெருக்கலைக் கூட்டலாக்கும் வித்தை நேப்பியர் 1614 ஆம் ஆண்டில் வெளியிட்ட லாகரிதம் அல்லவா? பழைய பள்ளிக்கூடங்களில் கிளார்க் அட்டவணைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இரண்டின் லாகரிதம் 0.3010 என்று ஒப்பிக்காத மாணவன் இருந்திருக்கமாட்டான். அந்த 0.3010 ஐப் பத்தால் பெருக்குங்கள், 3.01 வரும். திறன் இரட்டித்தால் 3 டெசிபெல் என்று சொன்னேனே, அதன் பிறப்பிடம் அதுதான். இரண்டு திறன்களின் விகிதத்தை எடுத்து, அதன் லாகரிதத்தைக் கண்டு, பத்தால் பெருக்கினால் டெசிபெல். அட்டவணைகூட வேண்டியதில்லை. இரண்டு மடங்குக்கு 3, பத்து மடங்குக்கு 10 என்ற இரண்டை மட்டும் மனனம் செய்துகொண்டால் மற்றவை தாமே வரும். நான்கு மடங்கு என்பது இரண்டும் இரண்டும் பெருக்கியது. ஆகவே மூன்றும் மூன்றும் கூட்டி 6. எட்டு மடங்குக்கு 9. ஐந்து மடங்கு என்பது பத்தில் பாதி. ஆகவே பத்திலிருந்து மூன்று போக 7.

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று 64 கட்டங்களுக்கும் வைக்கச் சொல்லி அரசனைத் திணறவைத்த கதை எல்லாருக்கும் தெரிந்ததே. கடைசிக் கட்டத்தில் எத்தனை நெல் என்று கேட்டால் நாடே நடுங்கும். டெசிபெல்லில் கேட்டால் நடுக்கமில்லை. 63 முறை இரட்டிக்கிறோம். முறைக்கு மூன்றாக 189. விட்டுப்போன சிறு பின்னங்களையும் சேர்த்தால் 190 க்குச் சற்றுக் குறைவு. அரசனுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் எண் சிறியது என்று எண்ணி உடனே ஒப்புக்கொண்டு இன்னும் விரைவாக ஓட்டாண்டியாகியிருப்பான் என்பதும் உண்டு. டெசிபெல்லின் ஆபத்தும் அதுவே. பெரியதைச் சிறியதாகக் காட்டும்.

இனி நான் முன்னே சொன்ன தவற்றுக்கு வருகிறேன்.

1994 ஆம் ஆண்டு மழைக்காலம். நான் வேலை பார்த்த பள்ளியில் மாலை வேளைகளில் சில மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு ஹாம் உரிமத் தேர்வுக்குப் பயிற்சி அளித்துவந்தேன். தேர்வு எழுத நகரத்துக்குப் போகவேண்டும். சங்கத்தின் உண்டியலில் இருந்த பணம் மூவருக்குத்தான் போதும். ஆகவே நானே ஒரு சோதனை வைத்து, முதல் மூன்று இடங்களில் வருபவர்களை அனுப்புவது என்று முடிவு செய்தேன். வினாக்களுள் ஒன்று: குறிப்பிட்ட ஒரு தடையின் குறுக்கே உள்ள மின்னழுத்தம் இரட்டித்தால் உயர்வு எத்தனை டெசிபெல்? பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆறு என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் அதை அடித்து, மூன்று என்று பக்கத்தில் எழுதினேன். தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் எழுந்து நின்று, "ஐயா, மின்னழுத்தம் இரண்டு மடங்கானால் திறன் நான்கு மடங்காகிவிடாதா?" என்று கேட்டான். "தம்பி, கேட்டது மின்னழுத்தத்தை, நீ திறனைப் பற்றிப் பேசுகிறாய். வினாவை ஒழுங்காகப் படி" என்று சொல்லி உட்காரவைத்தேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. அந்த வினாவுக்குரிய மதிப்பெண் இரண்டு. அந்த இரண்டினால் அவன் நான்காம் இடத்துக்குப் போனான். மற்ற மூவரையும் அழைத்துக்கொண்டு நான் இரயில் ஏறினேன்.

அடுத்த ஆண்டு கோடையில் என் டிரான்ஸ்மிட்டரைச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஏரியலுக்குப் பதிலாக 50 ஓம் தடை ஒன்றைப் பொருத்தியிருந்தேன். இதை ஹாம்கள் டம்மி லோடு என்பார்கள். திறனைக் காட்டும் மீட்டர் ஒன்றும், தடையின் குறுக்கே மின்னழுத்தத்தைக் காட்டும் மீட்டர் ஒன்றும் வைத்திருந்தேன். திறன் 25 வாட் என்று காட்டியபோது மின்னழுத்தம் 35 வோல்ட். குமிழைத் திருகி 100 வாட்டுக்குக் கொண்டுவந்தேன். வோல்ட் மீட்டர் 70 காட்டியது. இரண்டு ஊசிகளையும் மாறி மாறிப் பார்த்தேன். திறன் நான்கு மடங்கு. அதாவது 6 டெசிபெல். மின்னழுத்தம் இரண்டு மடங்கு. என் சிவப்பு மையின்படி 3 டெசிபெல். ஒரே கம்பி, ஒரே தடை, ஒரே திருகல். நடந்த மாற்றம் ஒன்றாயிருக்க அதற்கு இரண்டு எண்கள் எப்படி இருக்கமுடியும்? அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாட்டுக்கு ஒரு டெசிபெல், வோல்ட்டுக்கு வேறொரு டெசிபெல் என்று இரண்டு கிடையா. டெசிபெல் எப்போதும் திறனின் விகிதத்தையே சொல்கிறது. வோல்ட்டை அளந்து டெசிபெல் சொல்பவன், அந்த வோல்ட்டின் வழியாகத் திறனைத்தான் சொல்கிறான்.

காரணம் எளிது. ஒரு தடையின் குறுக்கே மின்னழுத்தத்தை இரட்டித்தால், ஓமின் விதிப்படி அதன் வழியே ஓடும் மின்னோட்டமும் இரட்டிக்கிறது. திறன் இவ்விரண்டின் பெருக்கற்பலன். ஆகவே இரண்டும் இரண்டும் பெருகி நான்காகிறது. மின்னழுத்தம் மூன்று மடங்கானால் திறன் ஒன்பது மடங்கு. பத்து மடங்கானால் நூறு மடங்கு. வர்க்கத்தின் லாகரிதம், மூல எண்ணின் லாகரிதத்தைப்போல் இரண்டு பங்கு என்பது பள்ளிப்பாடம். எனவே திறனுக்குப் பத்தால் பெருக்கிய இடத்தில் மின்னழுத்தத்துக்கு இருபதால் பெருக்குகிறோம். அந்த இருபது வேறு சூத்திரமன்று. அதே பத்துத்தான், வர்க்கத்தின் இரண்டைத் தன்னுள் விழுங்கிக்கொண்டு நிற்கிறது. இதைத்தான் அந்த மாணவன் ஒற்றை வாக்கியத்தில் கேட்டான். கேட்டவன் பதினாறு வயதுப் பிள்ளை. மறுத்தவன் முதுகலைப் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்றவன்.

அதற்குள் அவன் பள்ளியை முடித்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். அவன் வீட்டு முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினேன். உன் விடை சரி, என் திருத்தம் தவறு, அதனால் நீ தேர்வெழுதும் வாய்ப்பை இழந்தாய் என்று விளக்கமாகவே எழுதினேன். பதில் வரவில்லை.

தவறு செய்தவன் திருந்தும்போது மறுபக்கம் சாய்ந்து விழுவது உண்டு. அதன்பின் வோல்ட் என்று எங்கே கண்டாலும் இருபதால் பெருக்கத் தொடங்கினேன். ஒரு நாள் மாணவர்களுக்குச் சிறு மின்மாற்றி ஒன்றைச் சுற்றிக் காட்டினேன். ஏரியலையும் கேபிளையும் பொருத்தமாக இணைக்க ஹாம்கள் பயன்படுத்தும் வகை அது. முதற்சுருளைப்போல் இரு மடங்கு சுற்றுக்கள் இரண்டாம் சுருளில். ஒரு பக்கம் 10 வோல்ட் கொடுத்தால் மறுபக்கம் 20 வோல்ட் கிடைத்தது. "பார்த்தீர்களா, 6 டெசிபெல் ஆதாயம்!" என்று பெருமையாகச் சொன்னேன். அன்று எங்கள் சங்கத்தைப் பார்க்க வந்திருந்த மூத்த ஹாம் ஒருவர் பின்வரிசையில் அமர்ந்திருந்தார். வகுப்பு முடிந்தபின் என்னைத் தனியே அழைத்து, "வாத்தியாரே, கம்பியைச் சுற்றினால் திறன் பெருகுமானால் மின்சார வாரியத்துக்கு நாம் ஏன் பணம் கட்டுகிறோம்?" என்றார். மாணவர்கள் காதில் விழாமல் சொன்னாரே என்று இன்றும் அவருக்கு நன்றி பாராட்டுகிறேன்.

அவர் சொன்னதை நேயர்களும் காகிதத்தில் சரிபார்க்கலாம். மின்மாற்றியின் முதற்பக்கத்தில் தடை 50 ஓம். 10 வோல்ட்டை வர்க்கப்படுத்தினால் 100. ஐம்பதால் வகுத்தால் 2 வாட். மறுபக்கத்தில் மின்னழுத்தம் இரட்டித்தாலும் தடை நான்கு மடங்காகி 200 ஓம் ஆகிவிடுகிறது. 20 ஐ வர்க்கப்படுத்தினால் 400. இருநூறால் வகுத்தால் அதே 2 வாட். உயர்வு சுழி. மின்னழுத்தத்தை இருபதால் பெருக்கி டெசிபெல் சொல்லவேண்டுமானால், ஒப்பிடும் இரண்டு இடங்களிலும் தடை ஒன்றாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை அதனுள் மறைந்திருக்கிறது. பாட்டுப் பெருக்கிகளைச் செய்பவர்கள் இந்த நிபந்தனையைக் கவனியாமல் மின்னழுத்த விகிதத்தையே டெசிபெல்லாக எழுதிவிடுவதுண்டு. அது அவர்களுடைய வழக்கு. தெரிந்து செய்தால் குற்றமில்லை. ஆனால் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு வாட் கணக்கில் சேர்த்தால் கணக்கு சந்தி சிரிக்கும்.

நான் மாணவனுடைய விடைத்தாளை மீண்டும் மனத்தில் படித்துப் பார்த்தேன். வினாவில் குறிப்பிட்ட ஒரு தடையின் குறுக்கே என்று நானே எழுதியிருந்தேன். ஆகவே ஆறு என்பது முழுக்கச் சரி. ஐயத்துக்கு இடமே இல்லை.

மற்றொரு செய்தியையும் சொல்லவேண்டும். டெசிபெல் என்பது ஒப்பீடு. இன்னான் உயரமானவன் என்றால் எவனைவிட என்று கேட்கிறோமல்லவா? ஏரியல் விற்பவர்களின் விளம்பரங்களில் 8 டெசிபெல் ஆதாயம் என்று மட்டும் அச்சிட்டிருந்தால், எதனோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள். எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரப்பும் கற்பனை ஏரியலோடு ஒப்பிட்டால் ஓர் எண் வரும். சாதாரண டைபோல் ஏரியலோடு ஒப்பிட்டால் அதைவிட 2.15 குறைந்த எண் வரும். எந்த எண்ணை விளம்பரத்தில் போடுவார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. இந்தத் தொல்லை இல்லாதிருக்கவே, ஒரு மில்லிவாட்டை அடிப்படையாக வைத்து அதற்கு மேல் இத்தனை, கீழ் இத்தனை என்று கூறும் வழக்கம் உண்டு. அதை டிபிஎம் என்பார்கள். 1 மில்லிவாட் சுழி; 1 வாட் 30; 100 வாட் 50. முன்னே சொன்ன எஸ் 9 சைகை சுழிக்குக் கீழே 73. ஐம்பதையும் எழுபத்து மூன்றையும் கூட்டினால், தொடக்கத்தில் நாம் கண்ட 123 வந்துவிடுகிறது. இங்கும் ஓர் எச்சரிக்கை. இத்தகைய டிரான்ஸ்மிட்டர்கள் இரண்டின் திறனை ஒன்றாகச் சேர்த்தால் 50 உம் 50 உம் கூடி 100 ஆகிவிடாது. 100 வாட்டும் 100 வாட்டும் சேர்ந்தால் 200 வாட். அது 53 தான். பெருக்கலையே டெசிபெல் கூட்டலாக்கும், கூட்டலை அன்று.

இக்கணக்கினால் கைப்பொருளும் மிச்சமாகும். 144 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 25 வாட் கருவி ஒன்றை வைத்திருந்தேன். மொட்டை மாடியிலிருந்த ஏரியலுக்கு 30 மீட்டர் நீளம் ஆர்.ஜி. 58 என்ற மெல்லிய கேபிளை இழுத்திருந்தேன். விலை மலிவு என்பதே காரணம். அந்த அலைவரிசையில் அவ்வளவு நீளத்துக்கு நஷ்டம் ஏறத்தாழ 6 டெசிபெல். ஆகவே 25 வாட்டில் ஏரியலைச் சென்றடைந்தது ஆறு வாட்டுக்குச் சற்று மேல்; மீதி கேபிளைச் சூடாக்குவதில் செலவாயிற்று. சைகை போதவில்லை என்று திறன் பெருக்கி ஒன்றை வாங்க எண்ணி ஒரு மாதச் சம்பளத்தை எடுத்துவைத்தேன். வாங்கப் புறப்படுமுன் காகிதத்தில் கூட்டிப் பார்த்தேன். 25 ஐ 50 ஆக்கும் பெருக்கி தருவது 3 டெசிபெல். மெல்லிய கேபிளை எடுத்துவிட்டு ஆர்.ஜி. 213 என்ற தடித்த கேபிளைப் போட்டால் நஷ்டம் ஏறத்தாழ 3 ஆகக் குறைகிறது. அதுவும் 3 டெசிபெல் ஆதாயமே. மேலும் பெருக்கி என் குரலை மட்டும் உயர்த்தும். நல்ல கேபிளோ எதிராளியின் சைகையையும் உயர்த்தித் தரும். கேபிளை மாற்றினேன். எடுத்துவைத்த பணத்தில் பெரும்பகுதி வீட்டுக்குத் திரும்பியது.

இந்தக் கூட்டல் கழித்தல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரே உதாரணம். 1946 ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க இராணுவப் பொறியாளர்கள் சந்திரனை நோக்கி அலைகளை ஏவி எதிரொலி பெற்றார்கள். 1960 ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் கீழ்க்கரையிலிருந்த ஹாம்களும் மேல்கரையிலிருந்த ஹாம்களும் சந்திரனில் மோதித் திரும்பும் அலையின் வழியே தம்முள் செய்தி பரிமாறிக்கொண்டார்கள். 144 மெகாஹெர்ட்ஸில் சந்திரன்வரை போய்த் திரும்புவதில் ஏற்படும் நஷ்டம் ஏறத்தாழ 252 டெசிபெல். சதுரங்கப் பலகையின் கடைசிக் கட்டமே 190 ஐத் தொடவில்லை என்பதை நினைவு கூருங்கள். 1000 வாட் அனுப்பினால் அது 60 டிபிஎம். இரு பக்கத்து ஏரியல்களும் ஆளுக்கு 20 தந்தால் மொத்தம் 100. அதிலிருந்து 252 போனால் சுழிக்குக் கீழே 152. நல்ல ரிசீவரை மிகக் குறுகிய அலைவரிசைக்குச் சுருக்கி அமைத்தால், அதன் சொந்த இரைச்சல் இதற்குச் சில டெசிபெல் கீழே இருக்கும். ஆகவே மோர்ஸ் ஒலி இரைச்சலிலிருந்து மெல்லத் தலைகாட்டும். கோடிகளையும் பின்னங்களையும் எழுதிக்கொண்டிருந்தால் இந்த முயற்சி கைகூடுமா கூடாதா என்று முன்கூட்டியே காண்பது பெரும்பாடாய் இருந்திருக்கும்; நான்கு எண்களைக் கூட்டிக் கழித்து ஒரு பள்ளிப்பிள்ளை சொல்லிவிடலாம்.

இனி அந்த மாணவனைப் பற்றி.

2012 ஆம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. 7 மெகாஹெர்ட்ஸில் வழக்கமாகக் கூடும் அன்பர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். புதிய அழைப்புக்குறி ஒன்று குறுக்கே வந்தது. முறைப்படி வணக்கம் சொல்லி, சைகையின் வலிமை எஸ் 7 என்று அறிவித்தேன். எதிர்ப்பக்கத்தில் சற்றே மௌனம். பிறகு, "ஐயா, என்னைத் தெரிகிறதா? மழைக்காலத்தில் ஆறு என்று எழுதியவன்" என்றது குரல். வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டே தாமாகப் படித்து, தம் செலவில் தேர்வெழுதி அவர் உரிமம் பெற்றிருந்தார். அஞ்சலட்டை கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்தது என்றார். ஏன் பதில் எழுதவில்லை என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"ஐயா, ஒரு சோதனை செய்வோமா? இப்போது 25 வாட்டில் பேசுகிறேன். ஊசியைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். ஊசி எஸ் 7 இல் நின்றது. "இப்போது 100 வாட்" என்றார். இங்கே ஒன்றை இடைமறித்துச் சொல்லவேண்டும். எஸ் அளவையில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உள்ள இடைவெளி 6 டெசிபெல் என்று சர்வதேச அமெச்சூர் வானொலிச் சங்கத்தின் முதல் வட்டாரத்தார் 1981 ஆம் ஆண்டில் பரிந்துரைத்தார்கள். 50 மைக்ரோவோல்ட்டில் எஸ் 9 என்றால் 25 இல் எஸ் 8. ஒரு கோடு ஏறினால் மின்னழுத்தம் இரட்டித்தது. திறன் நான்கு மடங்காயிற்று. பல ரிசீவர்களின் ஊசி இதற்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை, என்னுடையதும் அப்படித்தான். அன்றும் எஸ் 8 ஐ முழுதும் எட்டாமல் ஒரு மயிரிழை இப்பாலே நின்றது.

"எத்தனை டெசிபெல், ஐயா?" என்று அவர் கேட்டார்.

"ஆறு" என்றேன்.

"உங்கள் ஊரில் மழை உண்டா?" என்று கேட்டுவிட்டு, அவர் 25 வாட்டுக்கு இறங்கிவிட்டார். எஞ்சிய பேச்சு முழுதும் அந்த எஸ் 7 லேயே நடந்தது. ஒரு சொல்லும் தப்பாமல் கேட்டது.